கேசரிப் பவுடரும் சொட்டு நீலமும்

சௌம்யா படியேறி வந்து நின்றபோது, ரோஸ்லின் ஒரு பாறைக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பாறை இருந்தது சுவரில். குகட்பள்ளியில் அந்த நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் சின்னதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். அதன் வெளிச்சுவர் முழுக்க ரோஸ்லினின் ராஜ்ஜியம். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்த உருண்டைப் பாறைகள், நடுவில் ஒரு நீர்நிலை, பின்னால் விடிகிற வானம். ஆனால் அந்தப் படத்தில் மரம் மட்டும் ஒன்றுகூட வரையப்படவில்லை. சுவரை ஒட்டி வைத்த தொட்டிகளிலிருந்து நிஜச் செடிகள் எழுந்து, படத்துக்குள் போய் நின்றன. பாறை இடுக்கில் சீத்தா வேண்டுமா, அந்த உயரத்துக்கு ஒரு சீத்தாத் தொட்டி. குன்றின் மேல் கொடி படர வேண்டுமா, சுவரில் ஆணியடித்து நூல் கட்டி சங்குப்பூ. செடி ஒரு சாண் வளர்ந்தால் படம் மாறிவிடும். அப்போது பாறையைத் திருத்த வேண்டும், நிழலை நகர்த்த வேண்டும். அறுபத்தியொரு வயதில், முடியவே முடியாத ஒரு படத்தை அவள் வரைந்துகொண்டிருந்தாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆன்ட்டி, கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்றாள் சௌம்யா. எதிர் ஃபிளாட்டுப் பெண். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. குரலில் எப்போதும் இருக்கிற மரியாதை இருந்தது. எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை.

கீழே, குழந்தை படுக்கிற அறையின் கூரையில், மூலையில் தட்டு அகலத்துக்கு ஈரம். சுண்ணாம்பு பொருக்குவிட்டுத் தொங்கியது. நடுவிலிருந்து ஒரு சொட்டு, நிதானமாக, யோசித்து யோசித்து விழுந்தது.

"ஒரு மாசமா சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேனுங்க. பாப்பாக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. டாக்டர் ரூம்ல ஈரம் இருக்கான்னு கேக்கறாரு. மழை பெஞ்சு மூணு மாசமாச்சு. மேல தண்ணி ஊத்தறது நீங்க மட்டும்தான்."

குழந்தை இருமியது. அந்தச் சின்ன நெஞ்சு விலா தெரிய ஏறி இறங்கியது.

"நீங்க ஆசையா பண்றீங்க, நான் இல்லைங்கல. ஆனா உங்க ஆசைக்கு என் புள்ள இருமணுமா ஆன்ட்டி?"

ரோஸ்லினின் கையில் தூரிகை அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு துளி சாம்பல் நிறம் சௌம்யாவின் வெள்ளைத் தரையில் விழுந்தது. அவள் குனிந்து, தன் புடவைத் தலைப்பாலேயே அதைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்தத் தூரிகை அவள் கைக்குத் திரும்பி வர முப்பத்தியொரு வருஷம் ஆனது என்பது சௌம்யாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ரோஸ்லின் இதே ஊரில், லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலனிச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டுகிற பெரிய துணியில் பெத்லகேமை வரைவது, பன்னிரண்டு வயதிலிருந்து அவள் வேலை. பெத்லகேமை யார் பார்த்தார்கள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஊர்ப் பாறைகளும் சீத்தா மரங்களும்தான். அதனால் இயேசு பாலன் வருஷாவருஷம் பாறைக்கும் சீத்தாவுக்கும் நடுவில் பிறந்தார். முன்னால் புல்வெளிக்கு, பழைய தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டு வைப்பாள். துணியில் வரைந்த பச்சை எங்கே முடிகிறது, தட்டில் முளைத்த பச்சை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்ப்பார்.

இருபத்துமூன்று வயதில் ஜெயச்சந்திரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரயில் என்ஜின் டிரைவர். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஒன்றே ஒன்றுதான், அவருக்குப் பகலில் தூங்க வேண்டும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர், மறுபடி கிளம்புகிறவரை தூங்கியே ஆக வேண்டும். டர்பன்டைன் வாசனை பட்டால் அவருக்குத் தலை வெடிக்கும். ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் இருந்த குவார்ட்டர்ஸில் அந்த வாசனையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கல்யாணமான மூன்றாம் மாதம், தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு அவர் டியூட்டிக்குக் கிளம்பியதை வாசலில் நின்று பார்த்தாள். இந்தக் கண்ணை நம்பி ஆயிரம் பேர் பின்னால் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே பெயின்ட் டப்பாக்களைக் கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கக்கூட இல்லை. வீடு முழுக்கக் கிசுகிசுப்பாகப் பேசக் கற்றுக்கொண்டது. அவர்கள் மகள் ஷர்மிளா இப்போது புனேயில் பெரிய வேலையில் இருக்கிறாள். இன்றும் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்துவாள்.

ஜெயச்சந்திரன் ரிட்டயர் ஆனதற்கு மறுநாள், காலையில் வெளியே போனவர் மத்தியானம் ஒரு பெரிய பையோடு வந்தார். எனாமல் டப்பாக்கள், தூரிகைகள், இரண்டு பாட்டில் டர்பன்டைன்.

"இனிமே நான் தூங்கினா என்ன, முழிச்சிருந்தா என்ன ரோஸி. எனக்குப் பின்னாடி ஆயிரம் பேர் இல்ல" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முப்பத்தியொரு வருஷம் அவர் ஒன்றும் கேட்காமல் இருந்தது, கேட்டால் 'நீ வரை' என்று சொல்லியாக வேண்டும், அப்புறம் பகலில் தூங்க முடியாது என்பதால்தான். ரோஸ்லின் பையை மடியில் வைத்துக்கொண்டு, அழுது தீர்த்தாள்.

சௌம்யா வந்து சொன்ன அன்றைக்கே சாயங்காலம், குடியிருப்போர் சங்கச் செயலாளர் இளங்கோவன் நோட்டீஸோடு வந்துவிட்டார். உப்பல் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்த குடும்பம். தமிழோடு தக்கனி உருதும் கலந்து ஓடும். அவர் வாயில் 'ஆமாம்' ஹவ் ஆகும், 'வேண்டாம்' நக்கோ ஆகும்.

"ஹவ் அக்கா, எனக்கு மனசே இல்ல. நான் உங்க செடிக்கு விரோதியா சொல்லுங்க. ஆனா காமன் ஏரியா பாருங்க, எல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள மேல காலி பண்ணிடணும். சுவத்துக்கு வெள்ளை அடிச்சிடலாம்."

"சுவர் என்னய்யா பண்ணிச்சு? சுவரா ஒழுகுது?" என்றார் ஜெயச்சந்திரன்.

"ஹல்லா நக்கோ அண்ணா. செடி போனா வெறும் பாறை எதுக்கு?"

"உன் தலையில முடி போயிடுச்சு, தலையை வெச்சிருக்கியே."

இளங்கோவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல், நோட்டீஸை டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போனார்.

"எடுத்துடலாங்க. குழந்தை இருமுது" என்றாள் ரோஸ்லின்.

"ஃபால்ட் எங்கன்னு பாக்காம எடுக்கறதா? ரோஸி, இருபத்திநாலு பெட்டியில எங்கயோ ஒரு இடத்துல பிரேக் ஏர் லீக் ஆகுது. டிரைவர் முதல் பெட்டியைக் கழட்டி விட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவானா? இறங்கி நடந்து ஒவ்வொண்ணாப் பாக்கணும்."

"அது ரயில். இது குழந்தை."

மறுநாளிலிருந்து அவருக்கு மத்தியானத் தூக்கம் போனது.

புதன்கிழமை காலை, எதை முதலில் இறக்குவது என்று பார்க்க ரோஸ்லின் மேலே போனாள். சீத்தாவைப் பார்த்தாள், முடியவில்லை. சங்குப்பூவைப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டு மாடியின் மறுகோடிக்கு நடந்தாள். அங்கே கட்டடத்துக்கே தண்ணீர் கொடுக்கிற பெரிய டேங்க் நின்றது. அதன் பின்பக்கம், கைப்பிடிச் சுவரும் தரையும் சேர்கிற இடத்தில், யாரும் போகாத மூலையில் ஒரு வெடிப்பு. வெடிப்பில் பாசி. பாசிக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஓர் அரசஞ்செடி, ஐந்து இலையோடு, பளபளவென்று நின்றது.

ரோஸ்லின் முட்டி வலியை மறந்து குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

மாசி வெயில் தொடங்கியாயிற்று. அவளுடைய செடிகளே ஒருவேளைத் தண்ணீர் தவறினால் தலையைத் தொங்கப் போடுகின்றன. அவள் ஒரு சொட்டும் ஊற்றாத இடத்தில் இந்தச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

கீழே வந்து கணவரிடம் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"டேங்க் நிறைஞ்சு வழியுதுடி. அங்கதான் வழிஞ்சு நிக்குது. வா, இளங்கோவன்கிட்ட போலாம்."

"வேண்டாம். தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. ஒருவேளை என் தொட்டித் தண்ணியாவும் இருக்கலாம் இல்லையா? ரெண்டும்கூட இருக்கலாம்." அவள் கண் சமையலறைப் பக்கம் போனது. பிறகு, "தண்ணிக்கு அடையாளம் வெச்சா?" என்றாள்.

அப்படித்தான் அந்த யோசனை வந்தது. சமையலறையில் கேசரிப் பவுடர் இருந்தது. துணி வெளுக்கச் சொட்டு நீலம் இருந்தது. தொட்டியில் ஊற்றினால் மண்ணே நிறத்தைக் குடித்துவிடும். அதனால் தொட்டிகளை நகர்த்திவிட்டு, அடியில் வெறும் தரையில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர். டேங்க்குக்குப் பின்னால் அந்த மூலையில் சொட்டு நீலம் கரைத்த தண்ணீர். கீழே எந்த நிறம் சொட்டுகிறதோ, குற்றவாளி அது.

சௌம்யாவிடம் போய்ச் சொன்னாள். சௌம்யா நம்பாமல்தான் பார்த்தாள்.

"சிவப்பு வந்துச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேம்மா. அன்னைக்கே இறக்கிடறேன். சுவரையும் நானே வெள்ளை அடிச்சிடறேன். வேற யாரும் அடிக்க வேண்டாம்."

சௌம்யா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சரிங்க" என்றாள்.

வியாழன் காலை இரண்டு வாளி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு வாளி நீலம். ஜெயச்சந்திரன் வாளி தூக்கினார், ரோஸ்லின் ஊற்றினாள். வியாழன் போனது. வெள்ளி போனது. கீழே சொட்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. தெளிந்த, நிறமில்லாத, வாயைத் திறக்காத சொட்டு. ஜெயச்சந்திரன் மதியத்தில் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சௌம்யா கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, சிவப்பா வருதுங்க."

ரோஸ்லின் போய்ப் பார்த்தாள். ஈர வட்டத்தின் ஓரத்தில், நேற்று இல்லாத ஒரு கோடு. சிவப்புத்தான். முக்காலி போட்டு ஏறி, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கேசரிப் பவுடருக்குள் மஞ்சள் இருக்கும். இதில் இல்லை. இது இருட்டுச் சிவப்பு, பழைய ரயில் பெட்டிகளின் நிறம், அவள் அப்பாவின் சட்டைக் கையில் எப்போதும் ஒட்டியிருந்த துருவின் நிறம். கூரைக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்துக் கசிகிறது. அவள் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள்.

குழந்தை இருமியது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். முக்காலியை விட்டு இறங்கினாள்.

"இன்னைக்கே இறக்கிடறேம்மா" என்றாள்.

மாடியில் அவள் தொட்டியைத் தூக்குவதைப் பார்த்து ஜெயச்சந்திரன் குறுக்கே வந்து நின்றார். "அது துருதான்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்கு?"

"எனக்குத் துருவாத்தாங்க தெரியும். எனக்கு அப்படித் தெரியணும்னு ஆசை இல்லையா? என் கண்ணு எனக்குச் சாதகமாத்தானே பேசும்? அந்தப் பொண்ணுக்கு அது சிவப்பு. அவ புள்ள இருமுது."

"உன் கண்ணை நீயே நம்பலைன்னா எப்படி ரோஸி?"

"ஒரு தடவை உங்க கண்ணைப் பாத்துத்தான் எல்லாத்தையும் கட்டிக் கொடுத்தேன். அப்ப மட்டும் எனக்கு உறுதியாவா தெரியும்?"

அவர் வழியை விட்டு விலகினார். பிறகு தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

சாயங்காலத்துக்குள் பதினேழு தொட்டிகள் கீழே இறங்கின. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சீத்தா, ஒரு செம்பருத்தி, அகதிகள் மாதிரி. சங்குப்பூவை இறக்க வழியில்லை. சுவரில் நூலோடு நூலாகப் பின்னியிருந்தது. ரோஸ்லின் கத்தரிக்கோலால் நூல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். மூன்று வருஷத்துக் கொடி மொத்தமாகச் சரிந்து அவள் தோளிலேயே விழுந்தது. அதை அடியில் ஒரு சாண் விட்டு வெட்டி எடுத்தாள். செடிகள் போன சுவரில் பாறைகள் மட்டும் நின்றன. வெள்ளை அடிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளால் அது மட்டும் முடியவில்லை.

ஞாயிறு. ஆறு மணிகூட ஆகவில்லை. காலிங் பெல் விடாமல் அடித்தது.

ரோஸ்லின் கதவைத் திறந்தாள். சௌம்யா நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, மூச்சு வாங்க, கையில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின்.

"ஆன்ட்டி" என்றாள். பேசினை நீட்டினாள்.

அடியில் ஓர் உள்ளங்கைத் தண்ணீர். நீலம்.

ரோஸ்லின் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிறிய, விடிகாலை வானத்து நீலம். சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம்.

"அஞ்சரைக்குப் பாப்பா எந்திரிச்சுட்டா. மேல சலசலன்னு சத்தம். என்னன்னு ஓடிப் போய்ப் பாத்தேனுங்க. டேங்க் நிறைஞ்சு பின்னாடி கொட்டிட்டிருக்குது. குட்டி அருவி மாதிரி. நீங்க ஊத்தினதுல தரையில ஒட்டியிருந்த மிச்ச நீலத்தையும் இழுத்துட்டு அந்த வெடிப்புக்குள்ள போகுது. ஊறி இறங்க இத்தனை நாள் ஆயிருக்குது போல. கீழ வந்து பாத்தா, இது." சௌம்யாவின் கண் நிறைந்தது. "நேத்து நீங்க அந்தக் கோட்டைத் தொட்டுப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? மூஞ்சியில தெரிஞ்சுது ஆன்ட்டி. ஏன் சொல்லலீங்க?"

"குழந்தை இருமிச்சும்மா" என்றாள் ரோஸ்லின்.

சௌம்யா பேசினைத் தரையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை, நிஜப் பாறை, உருண்டு எங்கோ விழுந்த மாதிரி இருந்தது ரோஸ்லினுக்கு. தான் யாருடைய குழந்தைக்கும் கெடுதல் செய்யவில்லை. அந்த ஒரு நினைப்பில் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து ஜெயச்சந்திரன் வந்தார். பேசினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "மோட்டார் போடறது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் வேடிக்கை. மோட்டார் போடுகிற பொறுப்பை யாரையும் நம்பி விடாமல், செயலாளர் இளங்கோவனே எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் நாலேமுக்காலுக்கு ஸ்விட்சைத் தட்டிவிட்டு, சர்க்கரைக்காக வாக்கிங் போவார். அரைமணி நேரத்தில் டேங்க் நிறைந்துவிடும். அவர் திரும்பிவந்து அணைக்க ஆறேகால் ஆகும். பொழுது விடிந்து ஆட்கள் எழுவதற்குள் வழிந்ததெல்லாம் வடிந்திருக்கும்.

ஆறேகாலுக்கு அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது, மூன்று பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பேசின்.

"வாங்க செகரெட்டரி. இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்றார் ஜெயச்சந்திரன்.

"நாலு அண்ணா. ஏன்?"

"சர்க்கரை குறையுதோ இல்லையோ, தண்ணி நல்லா ஏறுது."

விஷயம் புரிந்ததும் இளங்கோவன் பேசினைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஹவ்" என்றார் மெதுவாக. பிறகு ரோஸ்லினிடம், "அக்கா, நோட்டீஸை எங்க வெச்சேன்?" என்றார்.

"டீப்பாய் மேலதான் இருக்கு."

"குடுங்க. நானே கிழிச்சிடறேன். யாருக்கும் சொல்ல நக்கோ."

"சொல்லாம இருக்கறதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் ஜெயச்சந்திரன். "பதினேழு தொட்டி கீழ இருக்கு. பெரிசு எல்லாம் உனக்கு."

அன்றைக்கு இளங்கோவனும் சௌம்யாவின் கணவன் பிரசன்னாவுமாகத் தொட்டிகளை ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய பிரசன்னா இரண்டாவது மாடியில் நின்று, சீத்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அடுத்த வாரம் டேங்க்கில், நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற மிதவை மாட்டினார்கள். மூலை வெடிப்பைக் கொத்திப் பூசினார்கள். பூசுவதற்கு முன் ரோஸ்லின் அந்த அரசஞ்செடியை வேரோடு எடுத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டாள். சாட்சி சொன்ன செடி அல்லவா? கூரை காயப் பத்து நாள் ஆயிற்று. குழந்தையின் இருமலும் மெல்ல மெல்ல அடங்கியது.

எல்லாம் அப்படியே பழைய இடத்துக்கு வந்துவிடவில்லை. ஏற்றி இறக்கியதில் ஒரு செம்பருத்தி பட்டுப்போனது. சங்குப்பூ இருந்த இடத்தில் சுவர் வெறிச்சென்று கிடந்தது. வெட்டிய நூல்களின் முனைகள் ஆணியில் ஆடின.

ஒரு மத்தியானம் ரோஸ்லின் அந்த வெற்றிடத்தின் முன் நின்று டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தாள். அந்த இடத்தில் என்ன வரைவது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. கொடி இல்லாத குன்றுக்கு வேறு வெளிச்சம் வேண்டும். நீலத்தைக் கொஞ்சம் எடுத்து, வெள்ளையில் கலந்து, கலந்து, பேசினில் பார்த்த அந்த நீலம் வருகிறவரை கலந்தாள்.

பின்னால் கொர்ரென்று ஒரு சத்தம்.

படிக்கட்டு அறையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெயச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். காற்று அவர் பக்கம்தான் வீசியது. திறந்த பாட்டில் அவர் காலடியிலேயே இருந்தது. மாடி முழுக்க டர்பன்டைன் வாசனை.

ரோஸ்லின் பழக்கத்தில் சட்டென்று பாட்டிலை மூடக் குனிந்தாள். மூடியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மூடியைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, தூரிகையைப் பாட்டிலில் நனைத்துக்கொண்டு, சுவருக்குத் திரும்பினாள்.